பிக்கப் வண்டியின் மூக்கு

‘ஒங்கப்பா குடுத்த வண்டி ஒங்கப்பா மாதிரியேதான்டி இருக்குது! சமதரையில ராஜநடை, ஏத்தத்தப் பாத்தா மூச்சு வாங்கிக்கினு உக்காந்துக்குது!’

இதாங்க மேஸ்திரி, எங்க வூட்டுக்காரரு இன்னிக்கி காலைல வாய்ல பல்பொடிய வெச்சிக்கினே சொன்ன வார்த்தை. ஒரு எழுத்து நான் கூட்டல, கொறைக்கல. கான்வென்ட்ல டிக்டேஷன் எழுதி வளந்தவ நானு, சொன்னத சொன்னபடி சொல்லுவேன். உட்டுருவனா? ‘எங்கப்பாவுக்கு இளுப்பு இருந்துச்சி, ஏத்தத்துல வாங்கினாரு. ஒங்களுக்கு இன்னா, உக்காந்த எடத்துலயே வாங்குதே’ன்னேன். அவ்ளோதான். சக்கரவர்த்தின்னு பேரு வெச்சிட்டாங்க இல்ல, என்னமோ ராஜ்யத்தயே உட்டுட்டுப் போறாப்ல துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு புளி மண்டிக்கிப் பூட்டாரு. போற போக்குல, ‘கணியம்பாடிலேர்ந்து ராஜாக்கண்ணு மேஸ்திரி வராரு, மத்தியானத்துக்குள்ள வண்டி ஏறணும், ஏறலன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்’னுட்டு ஒரு சாசனம் வேற.

போவட்டும். ரெண்டு பஸ் மாறி இந்த ஜமுனாமரத்தூருக்கு ஏறி வந்திருக்கீங்க, முதல்ல காபியக் குடிங்க. நான் போட்டதுதான். மருமவ செந்தாமரைய இப்போ அடுப்படிப் பக்கமே நான் வுடறதில்ல. ஏன்னு கேக்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஆங்… அதுக்கு முன்னாடி இந்தாங்க, பஞ்சு. நல்லா உருட்டி ரெண்டு காதுலயும் அடைச்சிக்கோங்க. வெளையாட்டுக்கு சொல்லலீங்க. வண்டில இந்த மெஷின மாட்டின அர்ச்சுனன் இருக்கான் பாருங்க, திருப்பத்தூர் மெக்கானிக், அவன் ‘பஞ்செல்லாம் வேணாம்மா, நாங்க பாக்காத சத்தமா’ன்னான். இப்போ அவன்கிட்ட ‘காபி குடிக்கறியா’ன்னா ‘ஆமாம்மா, பெல்ட்டு லூசுதான்’றான். இன்னும் உள்ள தள்ளுங்க… இன்னும்… அப்டிதான். பரவால்ல, எம் பேச்சக் கேக்கற ஆம்பள ஒருத்தராவது இந்த மலைக்கி வந்து சேந்தீங்களே.

சரி, இந்தாங்க சாவி, ஸ்டார்ட் பண்ணுங்க.

அய்யய்யய்யோ… கேட்டீங்களா! ஊஊஊன்னு! நிறுத்துங்க, நிறுத்துங்க, போதும்! பாருங்க, தெருவுல இருக்கற அத்தினி நாயும் பதில் சொல்லுது. இத்த முதல் தடவ ஓட்டினப்போ சந்தைல ஆடெல்லாம் அவுத்துக்கினு ஓடி, எந்த ஆடு யாரோடதுன்னு பஞ்சாயத்து வெச்சிப் பிரிச்சாங்க. எதிர்வூட்டு குப்பம்மாளுக்கு கெடியாரமே வேணாம், இது கத்தினா ஒல வெக்கறா. இதுக்குப் பேரு சூப்பர்சார்ஜராம்!

தலையாட்றீங்க. ஒங்களுக்குத் தெரியாததா. இஞ்சினு தானா இழுக்கற காத்து பத்தலன்னு, வலுக்கட்டாயமா காத்த ஊதித் தள்ற மெஷினு. கொழந்தைக்கி மூக்கப் புடிச்சி வெளக்கெண்ண ஊத்தறாப்ல. புஸ்தகத்துல போட்டிருந்துது. எங்கண்ணன் பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்த வெளிநாட்டு மோட்டார் புஸ்தகம், பருப்பு டப்பாவுக்கு அடியில அலமாரில விரிச்சிருந்தேன். மஞ்சக் கறையோட அந்தப் பக்கத்த படிச்சிச் சொன்னதுதான் தாமதம், எங்காளுக்கு சோறு எறங்கல.

புஸ்தகத்துல ரெண்டு சாதி போட்டிருந்தான். ஒண்ணு, இஞ்சினு வுடற பொகையில சுத்தறது. இன்னொண்ணு, பெல்ட்டுல சுத்தறது. இவரு, ‘பொகைதான்டி! நம்ம வண்டிக்கி பொகைக்கி இன்னா பஞ்சம்?’ன்னாரு. நெசந்தான். ரெண்டு மாசமா ஏத்தத்துல கக்கற பொகையில பின்னாடி வர்றவன் கறுத்துப் பூட்றான். ஆனா அர்ச்சுனன், ‘அண்ணே, பொகையில சுத்தறது வேணும்னா காத்து வர்ற வழி, பொகை போற வழி எல்லாத்தயும் பிரிச்சாவணும்’னான். எல்லாத்தயும் பிரிக்கறதா? நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கினு இருந்தவ வெளில வந்துட்டேன். ‘பெல்ட்டே போதும்’னேன். ‘ஒனக்கு இன்னாடி தெரியும்’னாரு. ‘இங்கிலீஷு தெரியும்’னேன். பெல்ட்டுன்னு முடிவாச்சு.

…அந்தப் பக்கம் இன்னாத்துக்குப் போறீங்க மேஸ்திரி? இப்டி வாங்க. பெல்ட்டு இந்தப் பக்கம், அங்க ஒண்ணுமில்ல.

இவரு மெட்ராஸ் புதுப்பேட்டைக்கி, பழைய மோட்டார் சாமான் கடைக்கிப் போனாரு. கடைக்காரன் மூணு காட்டினானாம். ஒண்ணு கப்பல்லேர்ந்து கழட்டினது, அது எங்க மாட்டுக் கன்னுக்குட்டி அளவு. ஒண்ணு ஏரோப்ளேனு. இவரு அதத் தடவிக் குடுத்துக்கினு, ‘இது மாட்டினா வண்டி பறக்குமா’ன்னு கேட்டாராம், அம்பத்திரெண்டு வயசுல! மூணாவது, பழைய ஜெனரேட்டர் இஞ்சின்ல இருந்தது. பழுத்த பலாப்பழம் சைஸு. உள்ள ரெண்டு உருளை, கரும்பு புழியற மெஷினாட்டம் ஒண்ணோட ஒண்ணு ஒரசாம சுத்தும். ‘ஊதுமா?’ன்னாராம். கடைக்காரன் கையால ஒரு சுத்து சுத்தி வுட்டான். இவரு நேரா வாய்க்கி எதிர்ல நின்னுக்கினு இருந்தாரா… வேட்டி மூஞ்சிய மூடிடுச்சி. புதுப்பேட்ட மொத்தமும் பாத்துதாம். ‘நல்லா ஊதுது, கட்டிக் குடுங்க’ன்னுட்டாரு. சாமான் பொறுக்கற லட்சணத்தப் பாருங்க.

பஸ்ல கண்டக்டரு, ‘இதுக்கும் ஃபுல் டிக்கெட்டு’ன்னான். டிக்கெட்டு வாங்கினா சீட்டு உண்டு இல்ல? சூப்பர்சார்ஜர் ஜன்னலோரமா உக்காந்துக்கினு வந்துது, இவரு வேலூர் வரைக்கும் நின்னுக்கினு வந்தாரு. என்னைக் கட்டிக்கினு வந்தப்போகூட இவ்ளோ மரியாதை பண்ணல.

அப்புறம் மாட்டின கதை! பலாப்பழத்த உள்ள வெச்சா பானெட்டு மூடல. அர்ச்சுனன் ரம்பத்த எடுத்து பானெட்ட நாலு பக்கமும் அறுத்துட்டான். இப்போ பாருங்க, காளைக்கித் திமிலாட்டம் துருத்திக்கினு நிக்குது. அது நான் வத்தல் காய வெக்கற எடங்க! பெல்ட்டு ஓடற சக்கரம், புல்லி, மொதல்ல செஞ்சது சின்னது. ஸ்டார்ட் பண்ணதும் பெல்ட்டு பிச்சிக்கினு பறந்து, கொடில காஞ்சிக்கினு இருந்த எம் பாவாடைய இட்டுக்கினு போயி, புளியமரத்து உச்சில கொடியேத்திடுச்சி. மூணு நாளு தொங்குச்சு. போஸ்ட்மேன்லேர்ந்து பாரஸ்ட்டு ஆபீசர் வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டுப் போனாங்க. லேத்துல வேற புல்லி கடைஞ்சி, மாவு மில்லு பெல்ட்டக் கேட்டு வாங்கி மாட்டினான். ஊர்ல ரெண்டு நாளு யாரு வூட்லயும் களியில்ல. எல்லாரும் என்னியதான் மொறைச்சாங்க.

இவ்ளோ பண்ணி ஏறிச்சான்னா… எங்க! நெல்லிவாசல்லேர்ந்து முப்பது மூட்ட புளி ஏத்திக்கினு வர்றாரு. மூணாவது வளைவு. ஊஊஊன்னு கத்துது, கரும்பொகை, ஒரு அடி நகரல. அர்ச்சுனன் எறங்கி டயருக்குக் கல்லு வெக்கறான். அப்போ எங்கூரு கெழவி பெரியம்மாளு, சாமை மூட்டைய தலைல வெச்சிக்கினு நடந்து வருது. வண்டியத் தாண்டி மேல போயி, திரும்பி நின்னு, ‘சக்கரவர்த்தி, எம் பின்னாடி வந்துடு, இருட்டறதுக்குள்ள வூட்டாண்ட உட்டுட்றேன்’னு சொல்லிச்சாம்! அன்னிக்கி ராத்திரி இவரு சாப்பிடல. எனக்கே பாவமா இருந்துச்சி.

மேஸ்திரி… நான் சொன்னேன் இல்ல, அந்தப் பக்கம் ஒண்ணுமில்லன்னு. அது வெறும் ஏர் கிளீனரு. காத்து உள்ள போற மூக்கு. அத்தத் தொட வேணாம். அர்ச்சுனன்கூட, ‘புதுசு போட்டுரலாம்மா’ன்னான். நான், ‘எங்கப்பா எழுவத்தஞ்சுல எடுத்துக் குடுத்த வண்டி, அவரு ஞாபகமா ஒரு சாமானாவது பழசா இருக்கட்டும்’னு கண்ணத் தொடச்சிக்கினேன். இவரே, ‘உட்ருடா அர்ச்சுனா’ன்னுட்டாரு.

இன்னா, திரும்பவும் தலையாட்றீங்க? புரிஞ்சிடுச்சா ஒங்களுக்கு? புரிஞ்சிருக்கும். நல்ல மெக்கானிக்குன்னுதான சொன்னாங்க. பொகை கறுப்பா வந்தா காத்து பத்தலன்னு அர்த்தம், காத்து பத்தலன்னா மூக்கப் பாரு… இதுக்கு மேல ஒங்ககிட்ட மறைச்சி இன்னா ஆவப் போவுது. சொல்லிட்றேன். ஆனா இது ஒங்க மனசோட இருக்கணும்.

தை மாசம் இவருக்கு மஞ்சக்காமாலை. வண்டி முப்பது நாளு கொட்டாயில நின்னுச்சி. நான் பானெட்டு மேல சாமை வத்தல் காய வெச்சிக்கினு இருந்தேன். உள்ள ஙொய்யின்னு ஒரு சத்தம். தூக்கிப் பாத்தா… குளவி. மூக்கு வாயில, மண்ணு கொழைச்சி, அழகா கூடு கட்டிக்கினு இருக்குது. ஒரு அற இல்ல, ரெண்டு அற இல்ல, ஏழு அற! சிமெண்டு பூசினாப்ல. காத்து போக சுண்டுவெரலு சந்துதான் மிச்சம்.

வெளக்கமாற எடுத்தேன். சத்தியமா எடுத்தேன். அப்போ செந்தாமரை பின்னால வந்து நின்னு, ‘அத்தே, குளவி கூடு கட்டினா அந்த வூட்ல தொட்டில் கட்டுவாங்களாமே’ன்னா. அவ்ளோதான் சொன்னா. சொல்லிட்டு கொடத்த எடுத்துக்கினு தண்ணிக்கிப் பூட்டா. கல்யாணமாயி ஆறு வருஷம், மேஸ்திரி. எம் பையன் கோவிந்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. ஊரு சொல்லாம இருக்குமா? வெளக்கமாற வெச்சிட்டேன்.

எனக்கு நம்பிக்கை கெடையாதுங்க! சிஸ்டர் பெர்னதெத்துகிட்ட சயின்ஸு படிச்சவ நானு. காத்துக்கு எடை உண்டுன்னு பலூன ஊதி தராசுல வெச்சிக் காட்டினவங்க. குளவி எங்க, கொழந்தை எங்க? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

ஆனா செந்தாமரைக்கி தள்ளிப் போயி இன்னியோட அம்பத்தோரு நாளு.

இப்போ சொல்லுங்க, கூட்டக் கலைக்கலாமா? கலைச்சா இன்னா ஆவும்னு கெழவிங்க சொல்லுவாங்கன்னு ஒங்களுக்கே தெரியும், அத்த என் வாயால நான் சொல்ல மாட்டேன். வண்டி ஏறலன்னு இவரு பானெட்டத் தூக்கினாரு. எங்க மூக்குல கைய வெச்சிருவாரோன்னுதான், பருப்பு டப்பாவத் தூக்கிட்டு, ‘இதோ பாருங்க, காத்த ஊதித் தள்ற மெஷினு ஒண்ணு போட்டிருக்கான்’னு அந்தப் பக்கத்த நீட்டினேன். நான்தாங்க! நானேதான்! அலமாரில கம்முன்னு கெடந்த சூப்பர்சார்ஜர எடுத்து இந்த வூட்டுக்குள்ள வுட்டது நானு. பானெட்டு போச்சு, பாவாட போச்சு, ஊரு களி போச்சு. மூக்க அடைச்சிக்கினு இருக்கற வண்டி வாயில ஊதுகொழல வெச்சா அது இன்னா பண்ணும், ஊளதான் வுடும்.

இருங்க, முழுசா கேளுங்க. ஏழுல அஞ்சு அற தெறந்து குஞ்செல்லாம் பறந்துடுச்சி. தெனம் காலைல டார்ச்சு அடிச்சி எண்றேன். ரெண்டுதான் பாக்கி. பத்து நாளு, மிஞ்சிப் போனா பதினஞ்சு நாளு. அப்புறம் நீங்களே வந்து கழட்டுங்க, நானே ஸ்க்ரூ டிரைவரு எடுத்துக் குடுக்கறேன். அது வரைக்கும் இவருகிட்ட, ‘புல்லி சரியில்ல, மெட்ராஸ்லேர்ந்து வரணும்’னு ஒரு பொய். ஒரே ஒரு பொய். பழைய இரும்புக்குப் போடறேன்னு குதிப்பாரு, நான் பாத்துக்கறேன். சொல்லுவீங்க இல்ல?

தலையாட்டிட்டீங்க! நீங்க நல்லா இருக்கணும். ஒங்க புள்ள குட்டிங்க நல்லா இருக்கணும். அப்டியே கைய… இன்னாங்க, கைய எடுக்கச் சொன்னா கிளிப்பத் திருகறீங்க? மேஸ்திரி, அதான் மூக்கு. அதத்தான் இவ்ளோ நேரமா… தலையாட்டிக்கினே திருகறீங்களே! இன்னாத்துக்குச் சிரிக்கறீங்க? ராஜாக்கண்ணு மேஸ்திரி!

ஐயோ. பஞ்சு.

மேஸ்திரி, காதுல… காதுல பஞ்சு! நான் குடுத்த பஞ்சு! இங்க பாருங்க, எங் கையப் பாருங்க, காது, காது! அத்த எடுங்க! இன்னும் ரெண்டு அற இருக்குதுங்க… கொஞ்சம் அந்தப் பஞ்ச எடுங்களேன்…