நடுக்கோடு இல்லாத மாத்திரை

சும்மா நிற்கும் இயந்திரத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மற்றபடி நான் கோபக்காரன் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் தொழிலாளி ஒருவரைக்கூட ஒருமையில் பேசியதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பு. ஒரே லைனில் காலையில் சர்க்கரை வியாதி மாத்திரை ஓடும், மதியம் கர்ப்பிணிகளுக்கான வைட்டமின். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். வைட்டமினுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று முடிந்து மற்றது தொடங்குமுன் இயந்திரத்தைக் கழற்றி, மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, ஒரு மாத்திரைகூடத் தங்கவில்லை என்று செக்கிங் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஐம்பது நிமிடம் பிடிக்கும்.

"ஐம்பது நிமிஷம் மெஷின் தூங்குதா? பக்கத்துக் கம்பெனிக்காரன் சிரிக்கிறான்யா" என்றார் டைரக்டர். குறைக்கச் சொன்னார், எப்படி என்று சொல்லவில்லை. அது என் யோசனை. கழற்ற வேண்டாம், காற்றடித்தாலே போதும் என்றேன். பதினைந்து நிமிடமானது. அக்காவைத் தேடி அலையும் நேரமும் மிச்சமாகட்டும் என்று, திங்கட்கிழமையே அந்த வாரத்துப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

"பாக்காமலே போடச் சொல்றீங்களே சார்" என்று சிரித்தபடிதான் போட்டார். நிழல் விழுந்தால்கூட நல்ல மாத்திரை அட்டையைத் தள்ளிவிடும் சோதனைக் கேமராவின் கெடுபிடியையும் கொஞ்சம் தளர்த்தினேன். எல்லாம் நியாயமான காரியங்கள்.

அந்த வியாழக்கிழமை லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா ஓர் அட்டையோடு வந்தார். ஒன்பது மாத்திரைகளில் கோடு இருந்தது. ஒன்றில் இல்லை.

"சார், இது காலையில ஓடினது."

"எத்தனை அட்டையில?"

"கைக்குச் சிக்கினது மூணு. சிக்காததை நான் எங்கன்னு தேடுவேன்? லாரியை நிறுத்துங்க சார். வயித்துப் பிள்ளைக்காரிங்க சாப்பிடறது."

ஏறிய அட்டைகள் இரண்டு லட்சம். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் லைன் மூன்று நாள் நிற்கும். மிஞ்சிமிஞ்சிப் போனால் நாற்பது மாத்திரை கலந்திருக்கும். கடலில் கரைத்த பெருங்காயம். "நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். நம்பிப் போனார். மூன்று அட்டைகளையும் கழிவில் போட்டுவிட்டு லாரிக்குக் கையசைத்தேன்.

சர்க்கரை இறங்கி ஏழு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். இரண்டு பேர் எழவில்லை. படிவத்தில் இருந்தது அக்காவின் கையெழுத்து, அவரை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். என்னிடம் சொன்னதாக அவர் சொன்னார், இல்லை என்று நான் சொன்னேன். என்னைத்தான் நம்பினீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் நம்பத்தகுந்த ஆள்.

இன்று நானாக வந்ததற்குக் காரணம் என் மகள். ஆறு மாதக் கர்ப்பிணி. எங்கள் மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். லாரி கேட்டைத் தாண்டியதும் அவளுக்குப் போன் செய்தேன்.

"அம்மாடி, அந்த வைட்டமினை இனிமே வாங்காதே. வேற கம்பெனியோடது எழுதித் தரச் சொல்லு."

"ஏம்ப்பா?"

"சும்மாதான்."

செய்தி வந்த பிறகு அவள் நான் போன் செய்த தேதியையும் லாரி போன தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நேற்று வந்தவள் வீட்டுக்குள்கூட வரவில்லை. "நீங்களே போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். லாரி புறப்படுவதற்கு முன்பே தெரியும். அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

வண்டியில் வரும்போது மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையேம்மா." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வழிநெடுக அழுதாள். மாசமாக இருக்கும் பெண்கள் காரணமே இல்லாமல் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.