மிஸ் மேபெலுக்குப் போட்ட பசை

அந்த முக்காலியில் உட்கார வேண்டாம், வார்னிஷ் இன்னும் காயவில்லை. ஜன்னலோரம் இருக்கும் நாற்காலி சுகமாக இருக்கும். காபி கொஞ்சம் கசக்கும். பால் தீர்ந்துவிட்டது.

முப்பது வருடம் பள்ளியில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் உடைந்தது என்று புரியும். நீங்கள் கேட்க வந்ததும் அதுதானே.

மிஸ் மேபெல் பந்தயப் படகு. போர் முடிந்த மறு வருடம் என் அப்பா ஹென்ரிக் டெஸ்மர் இதே பட்டறையில் அதைக் கட்டினார். மேபெல் என் அம்மாவின் பெயர். அந்த வகைப் படகின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு படி வெட்டியிருக்கும். மெதுவாகப் போகும்போது அது மற்றப் படகுகளைப் போலத்தான். வேகம் பிடித்ததும் தண்ணீரைப் பிளப்பதை விட்டுவிட்டு எழும்பிவிடும். அந்தப் படியின் விளிம்பும் பின்நுனியும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதே கணக்கு. ஒவ்வொரு தத்தலுக்கும் ஓர் அடி விழும். அந்த அடியை யார் வாங்குவது? வெளியே பளபளக்கும் மகோகனிப் பலகை இல்லை. உள்ளே அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நெடுஞ்சட்டங்கள். எஞ்சின் உட்கார்ந்திருப்பதும் அவற்றின் மேல்தான். படகு என்பதே அந்த இரண்டு சட்டங்கள். மற்றதெல்லாம் சட்டை.

எஞ்சின் வாங்கி வந்து ஓட்டியவர் அன்டன் கோவாக். இரண்டு வருடம் இந்த ஆற்றில் அவரைத் தோற்கடிக்க ஆள் இல்லை. ஒரு ஆகஸ்ட் விழாவில் ஊரே கரையில் நிற்க, திருப்பத்தில் படகு புரண்டது. அன்டன் இறந்துபோனார். அப்போது எனக்கு ஏழு வயது. சுக்கான் சக்கரத்தை முன்கூட்டியே திருப்பிவிட்டார் என்று அப்பா சொன்னார். படகுதான் பிளந்தது என்று கோவாக் வீட்டார் சொன்னார்கள். செத்தவன் வீட்டுப் பேச்சுக்குத்தான் ஊரில் எடை அதிகம். அப்பா அதற்குப் பிறகு படகைத் தொடவில்லை. மரக்கடையில் அடுத்தவர் வீட்டுக்குப் பலகை அறுத்துக் கொடுத்துக்கொண்டே செத்தார்.

அன்டனின் மகன் ரஸ் பள்ளியில் என் வகுப்பு. பறவைக்கூடு செய்யும் பாடத்தில் அவன் எழுந்து நின்று என்னைக் காட்டி வாத்தியாரிடம், "ஹார்லன் செய்யற கூட்டுல குருவிக்கு நீச்சல் தெரியணும் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. நன்றாகச் சொன்ன கேலிதான், மறுக்கவில்லை. பிறகு அவன் இரும்புக்கடை வைத்தான். ஊரில் அது ஒன்றுதான் இரும்புக்கடை. திருகாணி வாங்கப் போனால் வரிசையில் நிற்பவர்கள் காதுபடக் கேட்பான்:

"போதுமா ஹார்லன்? இன்னும் ஒரு பிடி எடுத்துக்கப்பா. உங்கப்பாதான் கம்மியாப் போட்டுப் பழக்கப்பட்டவரு."

ஐம்பது வயது தாண்டிய பிறகும் கேட்டான். அவன் மனைவி ஆர்டிஸ்தான், "உனக்கு வேற வேலையே இல்லையா, அந்த மனுஷன விடேன்" என்பாள். அவளைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உடைந்த மிஸ் மேபெல் அத்தனை வருடமும் அவர்கள் தானியக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வருடம் ரஸ்ஸுக்கு அதைச் சீராக்கி விழாவில் ஓட்டிக்காட்ட ஆசை வந்துவிட்டது. பழம்படகு சங்கத்தில் ஒரு விதி உண்டு. கட்டியவரின் அளவுப் பலகைகளை வைத்துச் சரிபார்த்தால்தான் அசல் படகு என்று சான்று தருவார்கள். அளவுப் பலகை என்றால் படகின் ஒவ்வொரு விலாவுக்கும் ஒன்றாக வெட்டி வைத்த வடிவம், தையல்காரரின் காகித வெட்டு மாதிரி. அவை கட்டியவர் பட்டறையை விட்டு வெளியே போவதில்லை. அது விதியில்லை, வழக்கம். ஆனால் இங்கே விதியை மீறியவர்கள் உண்டு, அந்த வழக்கத்தை மீறியவர்கள் கிடையாது. அப்பாவின் பலகைகள் அதோ, அந்த உத்திரத்தில் தொங்குகின்றன.

ரஸ் வந்து வாசலிலேயே நின்றான். தொப்பியைக் கழற்றவில்லை.

"பலகைய நீ தரமாட்ட."

"தரமாட்டேன்."

"அப்ப படகத்தான் இங்க கொண்டாரணும்."

"கொண்டு வா."

அவ்வளவுதான் பேச்சு. கூலி வேண்டாம் என்றேன். அதற்கு அவன் சந்தேகமாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அப்போது காரணமே இல்லை. அப்பாவின் படகு நல்ல படகு என்று ஊருக்குக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் அன்று என் மனதில் இருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

குளிர்காலத்தில் அடிப்பலகைகளைக் கழற்றினேன். பலகையைக் கழற்றுவதற்கு அவசரம் ஆகாது. திருகாணித் தலைமேல் அடித்த மரத்தக்கையை முதலில் துளைத்து எடுக்க வேண்டும். பிறகு ஆணியைச் சூடுகாட்டித் தளர்த்த வேண்டும். அப்படி ஒவ்வொன்றாகப் போனால் பலகை காயமில்லாமல் கையோடு வரும். ரஸ் சனிக்கிழமைதோறும் வந்து, உதவி செய்கிறேன் என்று குறுக்கே நின்றான். இடப்பக்கச் சட்டம் பழைய விபத்தில் சிதறிப்போயிருந்தது. வலப்பக்கச் சட்டம் முழுசாக இருந்தது.

இப்போது சரிவு ஒட்டைச் சொல்ல வேண்டும். படகு நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்காது. இரண்டு மரங்களின் நுனியையும் நீண்ட சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டுவார்கள். இரண்டு உள்ளங்கைகளைச் சாய்த்து வைத்த மாதிரி. சரிவு நீளமாக இருந்தால் ஒட்டு மரத்தைவிட உறுதி. முறித்தால் பக்கத்து மரம் கிழியும், ஒட்டு பிரியாது. என் மாணவர்களுக்கு நான் காட்டும் முதல் வித்தை அது. எல்லாம் பசையைப் பொறுத்தது.

ரஸ் அந்த வலப்பக்க ஒட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். விளிம்பில் பிதுங்கிக் காய்ந்த பசை தேன்நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. விரலை நாக்கில் தொட்டு அதன்மேல் வைத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தபோது விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. பசை விற்பவன் அவன். தெரியாமல் இருக்குமா?

"ஹார்லன், இது வஜ்ஜிரம்."

வஜ்ஜிரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலும்பும் தோலும் காய்ச்சி எடுப்பது, தச்சர்கள் சூடாகப் போடுவது. நாற்காலிக்கு அதைவிட நல்ல பசை கிடையாது. நீங்கள் உட்கார்ந்திருப்பதும் வஜ்ஜிரம்தான். காய்ந்தால் கல். ஆனால் தண்ணீரில் ஊறினால் ஒரு நாளில் இளகும், இரண்டாம் நாள் கூழாகும். போரில் தண்ணீர் தாங்கும் பசை முழுவதும் போர்ப்படகுகளுக்கும் விமானங்களுக்கும் போய்விட்டது, மறு வருடமும் கடைகளுக்கு வந்து சேரவில்லை. அப்பா நாற்காலித் தச்சராக இருந்து படகுக்கு வந்தவர். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு மேலே நாலு கை வார்னிஷ் அடித்திருக்கிறார். ஓட்டம் முடிந்ததும் படகைக் கரையேற்றிவிட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டு வருடமும் ஒன்றும் ஆகவில்லையே. கடைசி விழாவில் மட்டும் அன்டன் அதைக் காட்சிக்காக இரண்டு நாள் தண்ணீரிலேயே விட்டிருந்தார்.

ரஸ் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"நாற்காலிப் பசை. எங்கப்பன நாற்காலிப் பசையில உக்கார வெச்சு அனுப்பியிருக்கான் உங்கப்பன்."

விழா விருந்தில் எழுந்து நின்று இதைச் சொல்வேன் என்றான். படகு முடியும்வரை பொறு என்றேன். "ஓட்டிக் காட்டிட்டே சொல்றேன், இன்னும் ருசியா இருக்கும்" என்றான்.

புதுச் சட்டங்களுக்கு நல்ல ஸ்ப்ரூஸ் மரம் வாங்கினேன். சரிவைச் சீவ நாலு நாள் எடுத்துக்கொண்டேன். இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்து விளக்குப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வரக்கூடாது. வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஒட்டு நான் போட்டதில்லை. ரஸ் தன் கடையிலிருந்து தண்ணீர் தாங்கும் பசை ஒரு டப்பா கொண்டுவந்து வைத்திருந்தான். அது இன்னும் மூடி திறக்காமல் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. உங்கள் ஆள் போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதை நானும் பார்த்தேன். கெட்டிக்காரர்.

நான் வஜ்ஜிரத்தைக் காய்ச்சினேன்.

இங்கே இன்னொரு வழக்கம் உண்டு. சீராக்கிய படகில் முதல் ஓட்டம் சீராக்கியவனுடையது. தன் வேலைமேல் தன் உடம்பை வைத்துக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் படகுத்துறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள். பளுதூக்கி இயந்திரத்திலிருந்து மிஸ் மேபெலைத் தண்ணீரில் இறக்கியதும் ஏறி உட்கார்ந்து இரண்டு சுற்று முழு வேகத்தில் போனேன். காய்ந்த ஒட்டு கல் மாதிரி நின்றது. கரைக்கு வந்தபோது கை தட்டினார்கள். அன்டன் செத்த பிறகு என் அப்பாவின் படகுக்கு அந்த ஊர் தட்டிய முதல் கைத்தட்டல்.

அதன்பிறகு படகைத் தண்ணீரிலேயே விடச் சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். வருடக்கணக்கில் கொட்டகையில் காய்ந்த பலகைப் படகை நீள ஓட்டத்துக்கு முன் ஊறப்போடுவது இந்த ஆற்றில் எல்லோரும் செய்வது. காய்ந்த பலகைகளுக்கு இடையில் முதலில் தண்ணீர் கசியும். பிறகு பலகை உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். கசிந்த தண்ணீர் அடியில் தேங்கும், நெடுஞ்சட்டங்கள் இருக்கும் இடத்தில். ரஸ் பம்பு வைத்து இறைக்கப் போனான். உள்பக்கமும் ஊறினால்தான் பலகை கோணாமல் உப்பும் என்றேன். தலையாட்டிவிட்டுப் பம்பைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முறை. பம்பு போட்டுத் தண்ணீரை இறைத்தோம். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். அந்தக் காலப் படகு, பக்கத்தில் எஞ்சின்காரருக்கு ஓர் இருக்கை உண்டு. அதைக் கையால் தட்டினான்.

"வா ஹார்லன், ஏறு."

முதுகுவலி என்றேன்.

அவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "அந்தப் பசை விஷயம். நான் சொல்லப் போறதில்ல. ரெண்டு நாளா யோசிச்சேன். அப்ப எவனுக்குத்தான் நல்ல பசை கெடச்சுது? உங்கப்பாவ நான் மன்னிச்சிட்டேன். நாம ரெண்டு பேரும் கெழவனாயாச்சு. ஏறு."

எஞ்சின் இன்னும் கிளம்பவில்லை. அந்த எஞ்சினைக் கிளப்ப நேரம் பிடிக்கும். முதலில் எண்ணெய் அழுத்தம் ஏற வேண்டும், அதுவரை கையால் பம்பு செய்ய வேண்டும். அதற்குள் ஒரு மனிதன் எவ்வளவோ பேசிவிடலாம். அவன் சொன்னதை நான் நம்பினேன். சொல்லமாட்டான். ரஸ்ஸிடம் பல குறைகள் உண்டு, வாக்குத் தவற மாட்டான்.

அவன் சொல்லிவிடுவேன் என்றே நின்றிருந்தால் ஒருவேளை இறங்கச் சொல்லியிருப்பேன். அது எங்கள் இருவருக்கும் இடையிலான சண்டை, வழக்கமானது. மன்னிப்பு வேறு. என் அப்பாவை மன்னிக்கச் சொல்லி அவனை யாரும் கேட்கவில்லையே.

காலி இருக்கையைப் பார்த்துவிட்டு ஆர்டிஸ் ஏறினாள். "ஹார்லன் வரலன்னா நான் வர்றேன், ஒரு தடவையாவது உன் வேகத்தப் பாக்கறேன்" என்று சிரித்தாள். மிதவை அங்கி அவளுக்குத் தளர்வாக இருந்தது. நான்தான் குனிந்து வாரை இழுத்து இறுக்கினேன். அவள் உயிரோடு இருப்பதற்கு அந்த வார்தான் காரணம் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். இடுப்பெலும்பு கூடிவிடும் என்கிறார்கள். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

முதல் நேர் ஓட்டத்தில் படகு எழும்பியது. தத்தும் சத்தம் கரைவரை கேட்டது, ஒரே தாளமாக. திருப்பத்தில் தாளம் தவறியது. சட்டங்கள் இரண்டும் ஒட்டில் பிரிந்ததும் எஞ்சின் அடியைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். முன்பாகம் மடிந்து உள்ளே போனது. ரஸ்ஸின் உடலை அரைமணி கழித்துத்தான் எடுத்தார்கள்.

ஆற்றடியிலிருந்து சட்டத்தை எடுத்து நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மரம் எங்கேயும் கிழியவில்லை, ஒட்டு சுத்தமாகப் பிரிந்திருக்கிறது. நல்ல பசை அப்படிப் பிரியாது என்று உங்கள் ஆளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆம், எந்தப் பசை என்று தெரிந்துதான் போட்டேன். இரண்டு நாள் ஊறினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஊறப்போட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

ஆனால் எழுதும்போது ஒன்றைச் சரியாக எழுதுங்கள். சங்கத்துக்காரர்களும் அளவுப் பலகைகளை வைத்துப் பார்க்கட்டும். அந்தப் படகை என் அப்பா கட்டியபடியே, அதே மரம், அதே வளைவு, அதே பசை, இம்மி பிசகாமல் கட்டியிருக்கிறேன். படகில் ஒரு குறையும் கிடையாது. கோவாக் குடும்பத்துக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை.