மறுகரைக்குக் கடைசி இடம்

— தரவரிசைத் தாளுக்கு நான் எழுதின முன்னுரை இது. குறுக்கே பேசாம கேளும்மா. "கார் ஓய்ந்து கூதிர் புகும் காலம். பெய்த மழை போய்விட்டது. பெய்யப்போகும் மழை இன்னும் வந்து சேரவில்லை. இடையில் நிற்கும் வானம், அழுது முடித்தவர் முகம்போல் ஒரே நிறமாய்க் கிடக்கிறது. மரங்கள் தம்மிடம் தங்கிய நீரைத் துளித்துளியாய் மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன."

— அண்ணே, ஒரு நிமிஷம்.

— "பகலிலேயே விளக்கேற்றிய வீடுகளில், சுவருக்கும் சுவருக்கும் நடுவே அமர்ந்து, மனிதர் தத்தம் நெஞ்சின் ஓசைக்குச் செவி கொடுக்கின்றனர்."

— அண்ணே. பாட்டு வரிசைக்கு எதுக்கு வானிலை அறிக்கை?

— "இத்தகைய பருவத்தில், நீத்தம் இசைக்குழுவின் பத்துப் பாடல்களையும், அவர்கள் புதிதாய்ப் பதிந்து வெளியிட்ட வடிவில், முதலிலிருந்து முடிவுவரை கேட்டு, ஐவர் தனித்தனியே வரிசைப்படுத்தினோம்." அவ்வளவுதான். எப்படி இருக்கு?

— ரெண்டு தடவை கூப்பிட்டேன். தலையைக்கூட நிமிர்த்தல நீங்க.

— வாசிக்கும்போது நடுவுல நிறுத்துறது முறையில்ல. நீ இப்படி வந்து இந்த முக்காலியில, ஜன்னலைப் பார்த்து உக்காரு. அங்க காகிதக் கட்டுகிட்ட ஒரே இருட்டு.

— வந்ததுலேர்ந்து என்னை வெளிச்சத்துல உக்கார வைக்கிறதுலேயே குறியா இருக்கீங்க. போலீஸ் விசாரணை மாதிரி.

— விசாரிக்க வந்தவ நீ. சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் வர்ற நேரத்துல மருந்துக்கடையை அடைச்சுட்டு என் அச்சகத்துக்கு வந்திருக்க. மை பார்க்கவா வந்த? சொல்லு. தாள் இன்னிக்கு மெஷின்ல ஏறணும்.

— 'மறுகரை' பாட்டுக்கு நீங்க போட்ட இடம் பத்து. கடைசி.

— ஆமா.

— நாங்க நாலு பேரும் முதல் இடம் கொடுத்த பாட்டு அது.

— நாலு பேர் ஒண்ணு சொன்னா அஞ்சாவது ஆள் வாயை மூடிக்கணும்னு முறை உண்டா?

— ரசனை வேற, சந்தேகம் வேறண்ணே. நம்ம அஞ்சு பேர்ல பல் டாக்டர் நேத்தே ஆரம்பிச்சுட்டார். "உங்க அண்ணன் புதுப் பதிவைக் கேக்கவே இல்ல. பழசை நினைப்புல வெச்சுக்கிட்டு ஏதோ கிறுக்கி அனுப்பியிருக்கார். கேக்காம வரிசை போட்டவர் ஓட்டை ரத்து பண்ணிட்டு, தலைமை நடுவர் இடத்துலேர்ந்து இறக்கணும்"ங்கறார். மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. அந்த விதியை எழுதினதே நீங்கதான்.

— அதனால உன்னைத் தூது அனுப்பினாங்களாக்கும்.

— உளவுன்னே வெச்சுக்குங்க. எனக்கும் சந்தேகம் இருக்கு, மறைக்கல.

— பல் டாக்டருக்கு என் நாற்காலிமேல ரொம்ப நாளாவே கண்ணு. நீயும் அவரும் சேர்ந்து இதைப் பேசி வெச்சீங்களோன்னு எனக்கும் சந்தேகம் இருக்கு. நானும் மறைக்கல.

— பேசி வெச்சிருந்தா நேர்ல வருவேனா? போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறீங்க. எதைக் கேட்டாலும் எழுத்துல அனுப்புங்கறீங்க. ஒரு வருஷமா கூட்டமே கூட்டல. முன்னெல்லாம் இந்த அறையில ஸ்பீக்கர் அலறும், ஜன்னல் கண்ணாடி ஆடும், நீங்க கண்ணை மூடி உக்காந்திருப்பீங்க. இப்ப எங்க யாரையும் உள்ள விடுறதில்ல.

— வேலை ஜாஸ்தி.

— சனிக்கிழமை மத்தியானம் மெஷின் ஓடல. எனக்குக் கேக்குதே, ஒரு சத்தமும் இல்ல.

— சரிம்மா. நேராவே சொல்றேன். பகல் பூரா கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, காது குத்து அழைப்புன்னு அடுத்தவங்க சொல்லையே அச்சடிக்கிறேன். எனக்குன்னு ஒரு சொல் இருக்குன்னா அது இந்த நடுவர் நாற்காலியில உக்காந்து சொல்றதுதான். அதையும் பிடுங்கணுமா?

— பிடுங்க வரலண்ணே. உண்மையைத் தெரிஞ்சுக்க வந்தேன். புதுப் பதிவைக் கேட்டீங்களா இல்லையா?

— முதல்லேர்ந்து முடிவு வரைக்கும். மூணு தடவை. இதே அறையில, அதோ அந்த ஸ்பீக்கர்ல.

— அப்ப சொல்லுங்க. 'மறுகரை' எப்படித் தொடங்குது?

— கிட்டார் ஏழு ஏழா நடக்குது. டிரம்ஸ் அதைக் கண்டுக்காம அஞ்சு அஞ்சா நடக்குது. ரெண்டும் முறைச்சுக்கிட்டே போய், முப்பத்தஞ்சாவது அடியில ஒண்ணா வந்து விழுது. பழைய பதிவுல டிரம்ஸும் ஏழாத்தான் இருந்தது. புதுசா வந்த டிரம்ஸ்காரன் செஞ்ச வேலை இது.

— சரிதான்.

— சரியா?

— சரி. அதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு. இது கேட்டவங்களுக்குத்தான் தெரியும். நடுவுல ஒரு உறுமல் குரல் வருமே, அது?

— முட்டியை வெச்சு அழுத்திக்கிட்டே கீழ இழுக்கிற மாதிரி வரும்.

— என்னண்ணே உவமை இது? அப்புறம் வர்ற கிட்டார் தனி?

— இடுப்புக்கிட்ட தொடங்கி, முதுகெலும்போட மேல ஏறி, தோள்பட்டையில ரெண்டா பிரியுது. அருமையான இடம்.

— தண்டுவட நோயாளி என் கடையில வந்து சொல்ற மாதிரி சொல்றீங்க. இத்தனை வருஷத்துல நீங்க இப்படிப் பேசிக் கேட்டதில்ல. முன்னெல்லாம் சுரம் சொல்லுவீங்க, தந்தி எதுன்னு சொல்லுவீங்க.

— வயசாகுது. இப்ப உடம்போட கேக்குறேன்.

— முடிவு எப்படி?

— முடிவுதான் குற்றம். ஓங்கி அடிச்சுக்கிட்டே வந்து, திடீர்னு அறுந்து போகுது. ஆத்துக்கு நடுவுல கட்டாம விட்ட பாலம் மாதிரி. பேர் மறுகரை, ஆனா கரைன்னு ஒண்ணு வரவே இல்ல. கேக்குறவனை நடு ஆத்துல தள்ளிட்டுப் போற பாட்டுக்குப் பத்தாம் இடமே அதிகம்.

— அறுந்ததுக்கு அப்புறம்?

— அப்புறம் என்ன? முடிஞ்சுது.

— அண்ணே, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— உன் முகத்தைத்தாம்மா பார்த்துக்கிட்டே இருக்கேன்.

— அறுந்ததுக்கு அப்புறம் ஒரு பெரிய மௌனம் இருக்கு. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சோன்னு தோணும், அவ்வளவு நேரம். அது முடிஞ்சு, வாத்தியமே இல்லாம ஒரு குரல் எழும்புது. அதுதாண்ணே மறுகரை. முதல் தடவை கேட்டப்ப மருந்துச் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். வாங்க வந்தவர் எனக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தார். முடிவு வரைக்கும் கேட்டவங்க யாரும் அதை மறக்க முடியாது.

— இல்லம்மா. அப்படி ஒண்ணு அதுல இல்ல.

— எல்லாருக்கும் ஒரே பதிவுதான்.

— இருந்தா அவ சொல்லியிருப்பா.

— எவ?

— ஒண்ணுமில்ல.

— யாருண்ணே 'அவ'? யார் கேட்டு உங்களுக்குச் சொல்றாங்க? அப்ப பல் டாக்டர் சொன்னது பாதி சரி. கேட்டது வேற யாரோ. கையெழுத்து மட்டும் உங்களுது.

— நான் பொய் சொல்லல. மூணு தடவைன்னா மூணு தடவைதான்.

— இப்பவே தெரிஞ்சுடும். பாட்டைப் போடுறேன். சுவிட்ச் இந்த அலமாரிக்குப் பின்னாலதானே?

— திரும்பி நின்னுக்கிட்டுப் பேசாதே. என்ன சொன்ன?

— யாரு, மருந்துக்கடைத் தங்கச்சியா? மாடியில ஈரத்துணியை உள்ள எடுத்துக்கிட்டு இருந்தேன். கீழ பேச்சு சூடா கேட்டுது, வந்தேன். என்னம்மா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு?

— வாங்க அண்ணி. உங்க வீட்டுக்காரர் பாட்டைக் கேக்காமலே வரிசை போட்டிருக்கார். கேட்டேன்னு சாதிக்கிறார். யாரோ ஒரு 'அவ' சொன்னாளாம்.

— ஏங்க, சொல்லிடட்டுமா?

— வேண்டாம். நீ மேல போ.

— பொய் சொன்னவர் மாதிரி உங்களை நிக்க வெச்சிருக்கா. நான் சொல்லத்தான் போறேன். தங்கச்சி, நான் அவருக்கு முதுகு காட்டி நிக்கிறேன். இப்ப நான் என்ன பேசினாலும் அவருக்குத் தெரியாது.

— ஏன் தெரியாது? ரெண்டடியிலதானே நிக்கிறார்.

— அவருக்குக் காது கேக்காதும்மா.

— அண்ணி.

— இத்தனை வருஷம் மெஷின் பக்கத்துலேயே நின்னதுல முதல்ல இடது காது போச்சு. அப்புறம் வலது காதும் கொஞ்சம் கொஞ்சமா. இந்த ஒரு வருஷமா சுத்தமா இல்ல. காதுல மெஷின் வெச்சுப் பார்த்தோம், அதுலயும் பேச்சு பிடிபடல. உன்னை வெளிச்சத்துல உக்கார வெச்சார்ல? உன் உதட்டைப் பார்க்கத்தான்.

— அப்ப டிரம்ஸ் அஞ்சுன்னாரே, கிட்டார் ஏழுன்னாரே. அச்சு அசலா சொன்னாரே.

— நான்தான் கேக்குறேன். அவரை இந்த முக்காலியில உக்கார வெச்சு, பின்னால நின்னு, வலது கையால அவர் தோள்ல டிரம்ஸைத் தட்டுவேன், இடது கையில கிட்டாரை இழுப்பேன். அந்த ஆள் காட்டுக்கத்தல் கத்துவானே, அப்ப கை முட்டியை வெச்சு முதுகுல அழுத்துவேன். தனியா வாசிக்கிற இடத்துக்கு விரலால முதுகெலும்புமேல ஏறுவேன். காலையில சாமி பாட்டுப் பாடுற வாய் என்னுது. எனக்கு இது தகரக் கொட்டகையில இடி விழுந்த மாதிரிதான் இருக்கு. ஏழுக்கும் அஞ்சுக்கும் கை பழக எனக்கு ஒரு மாசம் ஆச்சு, தெரியுமா?

— எங்க யார்கிட்டயும் ஏன் சொல்லல?

— எல்லாரும் அண்ணன் காது, அண்ணன் காதுன்னீங்க. அந்தக் காது இல்லன்னு எப்படிச் சொல்லுவார்? அது கெடக்கட்டும், நீ என்னமோ குரல்னு சொன்னியே. அது எங்க வருது?

— எல்லாம் அறுந்து, ரொம்ப நேரம் சத்தமே இல்லாம இருக்கும்ல? அதுக்கு அப்புறம்.

— சாமி, என் தப்பு. சத்தம் நின்னுதும் பாட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். மூணு தடவையும் அந்த இடத்துலேயே நிறுத்திட்டேன். மாடியில அடுப்புல பால் வேற வெச்சிருந்தேன். அவரை நடு ஆத்துல விட்டவ நான்தாம்மா.

— ரெண்டு பேரும் என்னை ஒதுக்கிட்டு என்ன பேசுறீங்க? சொல்லிட்டயா அவகிட்ட?

— இப்படித் திரும்பிட்டேன், பாருங்க. சொல்லிட்டேன்.

— அதுவும் நல்லதுதான். தங்கச்சி, என் ஓட்டை ரத்து பண்ணிடு. பல் டாக்டர்கிட்ட அவர் சொன்னது சரின்னு சொல்லு. விதியை எழுதினவன் நான். முதலிலிருந்து முடிவுவரை கேக்காதவனுக்கு அந்த நாற்காலியில உரிமை இல்ல. என் பேரை எடுத்துட்டு இன்னிக்கே அச்சடிச்சுத் தர்றேன்.

— என் உதட்டைப் பாருங்கண்ணே. விதி, முடிவு வரைக்கும்னுதானே சொல்லுது? காதால கேக்கணும்னு அதுல எழுதல. உங்களுக்கு இன்னும் முடிவு வரல. தாளை அப்படி வெச்சுட்டு உக்காருங்க. அண்ணி, பின்னால வந்து நில்லுங்க. நான் போடுறேன்.

— இரு தங்கச்சி. அந்தக் குரல் வர்ற இடத்தை மட்டும் முதல்ல நான் ஒரு தடவை கேட்டுக்கறேன். தெரியாம கை வைக்க மாட்டேன்.

— இதோ, மௌனத்தைத் தாண்டிட்டேன். கேளுங்க.

— இதுல தட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. தாளம் இல்ல, தந்தி இல்ல. வெறும் குரல்.

— அதான் எனக்கும் புரியல. இதை எப்படி அவருக்குக் கொடுப்பீங்க?

— பார்க்கலாம். முதல்லேர்ந்து போடு.

— ஆங், இதோ ஏழு. இதோ அஞ்சு. சரி, சரி, தட்டு. இப்ப உறுமல். இப்ப ஏறுது. ஆமா, இங்கதான் அறுந்து போகும். பார்த்தியா, போயிடுச்சு.

— முன்னால குனியறேன், என் உதட்டைப் பாருங்க. எழுந்திருக்காதீங்க.

— நின்னுடுச்சே.

— நிக்கல. இருங்க. என் கை உங்க தோள்லதானே இருக்கு? இருங்க.

— ரொம்ப நேரமா இருக்கு.

— இருங்கன்னா இருங்க. வந்துடுச்சு. உங்க வலது கையைக் கொடுங்க. இப்படித் திரும்புங்க. இங்க, என் தொண்டையில வைங்க. அழுத்தாம வைங்க. நான் அது கூடவே பாடுறேன்.

— அண்ணி, ஒரு தடவைதானே கேட்டீங்க. அப்படியே போறீங்களே.

— இது என்ன? இது மேல போகுதா? மேல போய் நிக்குது. இப்ப நடுங்குது. இறங்குது. அம்மாடி, இது இவ்வளவு நேரம் எங்க இருந்தது?

— அண்ணே, இதோ உங்க முன்னால வந்துட்டேன், என்னைப் பாருங்க. மத்தவங்களுக்குப் போன்ல எழுதிட்டேன், அனுப்பிட்டேன். "அண்ணன் முடிவு வரைக்கும் கேட்டார். நான் கூட இருந்தேன்."

— என்னை ஏம்மா பார்க்கச் சொல்ற? நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— அண்ணி. பாட்டு முடிஞ்சுடுச்சு. ஸ்பீக்கர் ஓஞ்சு நேரமாச்சு. நீங்க பாடிக்கிட்டே இருக்கீங்க.

— தெரியும்மா. அவர் கையை எடுக்கல.

— முடிஞ்சது எனக்கும் தெரியும். உனக்குப் பதில் சொன்ன இவ உதடு எனக்கு நேராத்தானே இருக்கு. நீ நிறுத்தாதே, பாடு. தங்கச்சி, சந்தேகப்பட்டு வந்தியே, நீ நல்லா இரும்மா. உன் வாசல் தேடி வர்ற நோயெல்லாம் தீரட்டும். அடியே, நீ நீடூழி இரு. உன் தொண்டை ஒரு நாளும் வறளாம இருக்கட்டும்.