பொஸ்ரனில் எங்கட ஆக்கள் இல்லை

“படிச்சது போதாதே? அந்த இடங்களைத் தனியாப் போய்ப் பாக்கவும் வேணுமோ?” என்று மாமா ஒருமுறை என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். என் பாடம் வரலாறு.

நேற்று, கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில், பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும்.

“பொஸ்ரனில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அதுதான் அங்க போறன்,” என்றார் அவர்.

“அக்கா, உனக்கென்ன விசரே? நியூயோர்க்கெண்டால் மச்சாள் வீட்டில நிக்கலாம்.”

“போன முறை நிண்டனான். நாலு நாளும் வடை சுட்டன். அந்தச் சுதந்திரச் சிலையைக் காருக்குள்ள இருந்துதான் கண்டனான்.”

“இங்கிலிஷும் தெரியாது. துலைஞ்சு போவாய்.”

“நிலத்தில சிவப்புக் கோடு போட்டிருக்காம். அதில நடந்தால் பழைய கட்டடம் எல்லாம் வருமாம். கோட்டோட நான் இங்கிலிஷ் கதைக்க வேணுமே?”

“அத்தானுக்கு ஆர் சமைக்கிறது?”

“அவருக்கும் ரெண்டு கை இருக்கெடி. மூண்டு நாள்தானே!”

தங்கை குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு, “கால் நோகும். நல்ல சப்பாத்து வாங்கு,” என்றார்.

நான் இறங்கியபோது, பொஸ்ரனுக்கு ஒரு ஆளுக்கான ரிக்கெற் என் போனில் இருந்தது. மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.