ஆட்டம் இருந்த இடம்

படகு ஸ்டீயரிங்கில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும், சார். ஒருவர் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்கணும். இன்னொருவர் பின்னால் இன்ஜின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துப் பார்த்து வரணும். எந்த இணைப்பில் ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் சும்மா நிற்கிறதோ, அங்கேதான் ஆட்டம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

உங்கள் ஆட்கள் சக்கரத்தை மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் கெட்டியாக இருக்கிறது, ஓட்டியவன்மேல்தான் தப்பு என்று சொல்கிறார்களாம். கெட்டியாகத்தான் இருக்கும். கெட்டியாக்கியவன் நான். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். டீ வேண்டாம் சார், இருக்கட்டும்.

அந்தப் படகு என் தங்கை புருஷனுடையது. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய ஸ்பீட் போட். வயதாகிவிட்டாலும் ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. படகுத்துறைக்கு எதிரே இருக்கும் இன்ஜின் ஷெட் என்னுடையது. மாப்பிள்ளையைப் பற்றி நான் ஏதாவது மோசமாகச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். தங்கமான பையன். என் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

போன மாதம் வீட்டார் எல்லோரும் துறைக்குப் போயிருந்தோம். படகைக் கரைக்குக் கொண்டுவரும்போது நான் ஓட்டினேன். மெதுவாகத்தான் வந்தேன். சக்கரத்தைத் திருப்பினேன், மூக்கு கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. போய்ப் படகு கட்டும் கட்டையில் இடித்தது. பெரிய அடி இல்லை, பெயின்ட் பெயர்ந்தது, அவ்வளவுதான். என் கை கொஞ்ச நாளாக லேசாக நடுங்கும் சார். டம்ளர் பிடித்தால் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன்.

"ஸ்டீயரிங்ல ஆட்டம் இருக்கு" என்றேன்.

"ஆட்டம் ஸ்டீயரிங்லயா, உங்க கையிலயா மச்சான்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றான் மாப்பிள்ளை.

கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்தாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலம்.

படகை ஷெட்டுக்குக் கொண்டுவர வைத்தது தங்கைதான். "அண்ணன் ஒண்ணு சொன்னா சும்மா சொல்லமாட்டாரு, ஒரு தடவை பாத்துடலாம்" என்று புருஷனை நச்சரித்திருக்கிறாள். அவன் படகை விட்டுவிட்டு, "வீலைப் பிடிச்சா கெட்டியா இருக்கணும் மச்சான், எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே போன் பேசப் போய்விட்டான். சக்கரத்தில் அவள் உட்கார்ந்தாள். நான் பின்னால் குனிந்தேன்.

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டி நன்றாக இருந்தது. கேபிள் நன்றாக இருந்தது. கடைசியாக, கேபிளின் முனையை இன்ஜினோடு கோக்கும் கம்பியில் விரல் வைத்தேன். அங்கே இருந்தது. போல்ட் போகும் துளை தேய்ந்து முட்டை மாதிரி ஆகியிருந்தது. நட்டைத் தொட்டேன், ஸ்பேனரே வேண்டாம், விரலுக்கே சுழன்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது சார். கை இல்லை, போல்ட். நான் சொன்னதுதான் சரி. உடனே அவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். அவனும் பார்த்துவிட்டு, "அட ஆமா மச்சான்" என்று தோளில் தட்டியிருப்பான். கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று கரையில் சிரித்தவர்கள் திரும்பி வந்து அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு போவார்களா?

"கிடைச்சுதாண்ணா?" என்று முன்னாலிருந்து கேட்டாள்.

"பின்னாடி ஒண்ணுமில்லம்மா. வீல் பக்கம்தான் லேசா லூசு" என்றேன். என் விரல் அந்த நட்டின் மேல்தான் இருந்தது.

பிறகு முன்னால் வந்து, சக்கரத்துக்கு அடியில் இருக்கும் திருகை நன்றாக இறுக்கினேன். இறுக்கினால் சக்கரம் கனமாகிவிடும். பிடித்தவனுக்கு ஆட்டம் தெரியாது. பின்னால் ஆட்டம் இருந்தபடி இருக்கும். நான் எதையும் கழற்றவில்லை சார், எதையும் உடைக்கவில்லை. அவன் கேட்டதைத்தான் செய்து கொடுத்தேன்.

அவனும் ஒரு முறை எல்லோர் முன்னாலும் கட்டையில் இடிக்கணும். என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். மெதுவாக வந்தால் லேசாக இடிக்கும், அவ்வளவுதான்.

அவன் மெதுவாக வருகிறவனா என்று கேட்பீர்கள். இல்லை. ஆள் பார்க்கிற இடமென்றால் முழு வேகத்தில் வந்து, கரைக்குக் கிட்டே சட்டென்று வேகத்தைக் குறைத்து வெட்டித் திருப்புவான். தண்ணீர் எழும்பிக் கரையில் நிற்கிறவர்கள் மேல் அடிக்கும். நேராக ஓடும்போது இன்ஜின் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதால் அந்த ஆட்டம் வெளியே தெரியாது. வேகத்தைக் குறைத்த நொடியில் இழுப்பு விட்டுப்போகும், இன்ஜின் தன் இஷ்டத்துக்கு வீசும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தொழிலே இதுதானே.

விபத்து நடந்த அன்று நான் கரையில்தான் நின்றேன். அவன் வேகத்தைக் குறைத்தான், சக்கரத்தை வெட்டினான். படகு ஒரு கணம் யோசிப்பது போல நேராகப் போனது. பிறகு ஒரேயடியாகத் திரும்பிக் கவிழ்ந்தது. மாப்பிள்ளையை இழுத்துப் போட்டார்கள். விலா எலும்பு போயிருக்கிறது, பிழைத்துக்கொள்வான். தங்கையைக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க சரி பண்ணித்தான் குடுத்தீங்க மச்சான், நான்தான் அவளைக் கொன்னுட்டேன்" என்றான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். அவன்மேல் கேஸ் போடாதீர்கள் சார். இல்லாத இடத்தில் ஆட்டத்தைத் தேடக்கூடாது. பின்பக்கக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், இந்நேரம் நட்டே இருக்காது. அவனுக்குப் புத்தி வரட்டும் என்று செய்தது இப்படி ஆகிவிட்டது. என் தங்கைக்குக் கெடுதல் நினைப்பேனா நான்? கூடப் பிறந்தவள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளுக்கு வேகமென்றால் பயம். அந்தப் படகில் அவன் வேகமாகப் போகும்போது ஏறியதே இல்லை. அன்று அவளாகத்தான் வந்தாள். "அண்ணன் கை வெச்ச வண்டி, இனி என்ன பயம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள். சொன்னால் மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

நான் அவள் கையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு என் கை துளிகூட நடுங்கவில்லை, சார்.