காத்தான் பாறை

இதுல எதையும் நான் கண்ணால பாக்கல. எங்கப்பா சொன்னாரு, அவருக்கு அவங்கப்பா சொன்னாரு. இத ஏன் மொதல்லயே சொல்லிடறேன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

ஒரு காலத்துல, இந்த மலைக்கு ரோடே வராத காலத்துல, நம்ம கடுக்காப்பட்டியில சடையன்னு ஒருத்தன் இருந்தானாம். துப்பாக்கியில அவன அடிச்சுக்க ஆளே இல்லையாம். நாட்டுத் துப்பாக்கிதான். குழல் வாய் வழியா மருந்தக் கொட்டணும், தேங்கா நாரத் திணிக்கணும், ரவையப் போடணும், மறுபடி நாரத் திணிச்சு இரும்புக் கம்பியால கெட்டிக்கணும். அத வச்சுக்கிட்டே, ஒசரக் கெளையில இருக்கற ஒத்தக் கடுக்காயக் காம்போட விழ வைப்பானாம். அப்படித்தான் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் கொறச்சே நம்புங்க.

சாமைக் கொல்லைக்குப் பன்னி வரும். ஊர்ல பதினோரு பேருகிட்ட துப்பாக்கி. அத்தன பேருக்கும் சடையன்தான் வாத்தியாரு. நல்லா சுடறவன் நல்லாச் சொல்லியும் குடுப்பான்னு நம்பிட்டாங்க. இன்னிக்கும் நாம அப்படித்தான் நம்பறோம். அவன் சொல்லிக் குடுத்த லட்சணத்தக் கேளுங்க. தூக்குவானாம், சுடுவானாம். "பாத்தியா?"ன்னு கேப்பானாம். "பாத்தேன்." "அவ்வளவுதான், போ."

அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன் காத்தான். சடையனோட பொண்டாட்டி ராமாயிக்குக் கூடப்பொறந்த தம்பி. சடையன விட ரெண்டு வயசுதான் சின்னவன். அவன் 'பாத்தேன்'னு சொல்லிட்டுப் போற ஆளில்ல. கேப்பானாம். "மாமா, கம்பி ஏன் இவ்வளவு வெளிய நிக்குது? மாமா, மருந்து நனைஞ்சா என்ன பண்றது?" கேட்டதையே திரும்பக் கேப்பானாம். சடையன் எல்லாரு முன்னாடியும் கிண்டல் பண்ணுவானாம்: "எம் மச்சானுக்கு வாய் வெடிக்கற அளவுக்குத் துப்பாக்கி வெடிக்காது." ராமாயி சும்மா விடமாட்டாளாம். "கேட்டா சொல்லித் தொலையேன். வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

அந்தக் காலத்துல ஒரு வழக்கம். ஆடித் திருவிழாவுல சாமி மேல ஏறி வரும்போது, நாம நிக்கற இந்தப் பாறையில நின்னு துப்பாக்கி வெடிப்பாங்க. ரவை கெடையாது, வெறும் மருந்து. புகை சாமி மேல பரவணும்னு குழலக் கீழ பாத்துப் பிடிப்பாங்களாம். கீழ யாரு வராங்க? சனங்கதான வராங்க. வெறும் மருந்துதானேன்னு ஒருத்தருக்கும் தோணல.

அந்த வருசம் காத்தான் துப்பாக்கி பழுது. சடையன் தன்னோடத எடுத்துக் குடுத்தானாம். முந்தின நாள் பன்னிக்குன்னு ரவை போட்டுக் கெட்டிச்சது. பன்னி வரல. மருந்து வீணாப் போகக்கூடாதுன்னு கெட்டிச்சபடியே வீட்டுல மாட்டி வைக்கறது நம்மாளுங்க பழக்கம். சடையனும் மாட்டி வச்சிருந்தான். காலையில மத்தவங்க துப்பாக்கிக்கெல்லாம் அவனே வெறும் மருந்து போட்டு வச்சானாம். தன்னோடதுக்கும் அப்படியே போட்டுட்டதா நெனப்பு.

காத்தான் கையில வாங்கிக்கிட்டுக் கேட்டானாம்.

"மாமா, இதுல என்ன இருக்கு?"

"வெறும் மருந்து."

"ரவை இல்லையே மாமா?"

"இல்லடா."

"எதுக்கும் கம்பிய விட்டுப் பாத்துடவா?"

"சாமி வந்துடுச்சு, ஊரே பாக்குது, மானத்த வாங்காத. நான் சொல்றேன்ல? வெடி."

காத்தான் வெடிச்சான். கீழ, முன்வரிசையில, மாவிளக்குத் தட்டோட ராமாயி வந்துக்கிட்டு இருந்தா.

அதுக்கு மேல அந்த எடத்த எங்கப்பா சொல்லமாட்டாரு. நானும் சொல்லல.

காத்தான் துப்பாக்கியக் கீழ வச்சிட்டு சடையன் மூஞ்சியப் பாத்தானாம். ஏதாவது சொல்லுவான்னு பாத்தானாம். சடையன் வாயத் தெறக்கல. காத்தான், இதோ, அடிவாரத்துக்குப் போற இந்த வழியாவே கீழ எறங்கிப் போனான். போனவன் போனவன்தான்.

ஊரு என்ன சொல்லுச்சு? "கேள்வியாக் கேட்டுக்கிட்டு இருந்தான்ல, கைதான் வரல. அவனே ரவையப் போட்டுட்டு மறந்திருப்பான்." சடையன் காதுல விழுந்தது. சும்மா இருந்தான்.

அப்புறம் அந்த வீட்டுல அவன் மட்டும்தான். பிள்ளைகுட்டி இல்ல. ராமாயியோட அம்மா வீரம்மா தெனமும் களி கிண்டி எடுத்துக்கிட்டு வருவாளாம். "சாப்பிடுங்க மாப்பிள்ள. எம் வவுத்துல பொறந்த பாவி உங்க குடியக் கெடுத்துட்டான். எங்க கெடந்து சாவறானோ, சாவட்டும்." மகளும் போனா, மகனும் போனான், மருமகனாவது இருக்கானேன்னு அந்தம்மா பக்கத்துலயே உக்காந்து தின்ன வைக்கும். பொண்டாட்டி இல்லாத வீடு தனிமைதான். ஆனா பக்கத்துல ஆளு உக்காந்து ஆறுதல் சொல்லும்போதே ஒரு தனிமை இருக்கு பாருங்க, அதுதான் அவனத் தின்னுச்சு.

வருசம் பூரா அவ பெத்த மகனத் திட்டுனா. வருசம் பூரா இவன் கேட்டுக்கிட்டே தின்னான்.

மறுபடி ஆடி வந்தது. பாறை மேல எல்லாரும் ஏறியாச்சு. ஒருத்தன் வீட்டுல மாட்டியிருந்த துப்பாக்கிய அப்படியே தூக்கிக்கிட்டு வந்து கேட்டானாம்: "வாத்தியாரே, இது வெறும் மருந்துதானே?"

'ஆமா'ங்கறதுக்கு சடையன் வாயத் தெறந்தானாம். கீழ பாத்தான். மக தூக்குன தட்ட இப்ப வீரம்மா தூக்கிக்கிட்டு முன்னாடி வந்துக்கிட்டு இருந்தா.

"தெரியாது"ன்னான். "எனக்குத் தெரியாது. நான் பாக்கல."

துப்பாக்கிய வாங்கி, மருந்தப் பத்த வைக்கற கேப்பக் கழட்டிட்டு, வானத்தப் பாக்க நிமித்திக் கம்பிய உள்ள விட்டானாம். வெறும் மருந்துன்னா கம்பி ரெண்டு விரல் வெளிய நிக்கும். அஞ்சு விரல் நின்னுச்சு. பன்னிக்குக் கெட்டிச்சது. ஊரு காத்தானத் திட்டுச்சே தவிர, பழக்கத்த மாத்தல பாருங்க.

சடையன் பாறை ஓரத்துக்கு வந்தான். "அத்தை, நில்லுங்க. போன வருசம் ரவை போட்டது நான். உங்க மகன் மூணு தடவ கேட்டான். கம்பிய விட்டுப் பாக்கறேன்னான். நான்தான் பாக்காமலே இல்லன்னேன், வெடிக்கச் சொன்னேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

மேளம் நின்னுபோச்சாம். வீரம்மா விளக்க சாமி முன்னாடி எறக்கி வச்சிட்டு, கூட்டத்த வெலக்கிக்கிட்டு, மகன் எறங்கிப்போன வழியோட முனை வரைக்கும் போயி நின்னாளாம். பொழுது சாயற வரைக்கும் நின்னா. மறுநாள்லேந்து களி வரல.

ஊரு அவனத் தள்ளி வைக்கல. பேசுனாங்க, ஆனா பக்கத்துல உக்காரல. அவன் இந்தப் பாறைகிட்டயே ஒரு குடிசையப் போட்டுக்கிட்டான். அதுக்கப்புறமும் அவன்கிட்டதான் கத்துக்க வந்தாங்க, வேற யாரு இருக்கா? ஆனா இது வேற சடையன். ஒரு வருசத்துக்கு மருந்தக் கண்ணுல காட்டமாட்டானாம். "கம்பியப் போடு." கிணீர்னு அடி இரும்புல பட்டாக் காலி. "யாரு பாத்தது?"ம்பானாம். "நீங்கதான் காலின்னு சொன்னீங்க"ன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான். "நான் பாத்தேன்"ன்னு சொல்லணும். "குழல் எங்க பாக்குது?" "வானத்த." அப்பத்தான் மறுநாள் வரலாம். "இவரு கம்பியப் போட்டு முடிக்கறதுக்குள்ள பன்னி கொல்லையையே தின்னுடும்"னு மொணங்குவாங்களாம். மொணங்கட்டும்னு விட்டுட்டான்.

சந்தைக்கு எறங்கறவங்க கிட்டயெல்லாம் சேதி சொல்லி அனுப்புவானாம். "எம் மச்சானப் பாத்தா, அவன் கேட்டது சரின்னு சொல்லுங்க." ஒரு தடவ ஒருத்தன் வந்து, காத்தான் செங்கல் சூளையில இருக்கானாம்னு சொன்னான். சடையன் எந்திரிச்சு வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, "நீ பாத்தியா?"ன்னு கேட்டானாம். "இல்ல, சொன்னாங்க." சடையன் திரும்ப உக்காந்துட்டான். மறுநாள் போயி சூளை சூளையா அலைஞ்சான். அங்க இல்ல.

அவன் சாகும்போது, பாறைக்கு வாத்தியார் பாறைன்னு பேரு வைக்கலாம்னாங்களாம். "கேட்டவன் பேர வைங்க"ன்னானாம். அதான் காத்தான் பாறை. வெளியூருக்காரங்க காத்தான்தான் பெரிய வேட்டைக்காரன்னு நெனச்சுக்கறாங்க.

இப்ப துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. கோயில்ல, கேப்பத் தட்டற குதிரை இல்லாத துப்பாக்கிக் குழல் ஒண்ணு மட்டும் கெடக்கு. ஆடிக்கு ஆடி அத இங்க கொண்டாந்து நிமித்தி, வீட்டுக்கு ஒருத்தர் வந்து கம்பியப் போடணும். பூசாரி கேப்பாரு, "யாரு பாத்தது?" "நான் பாத்தேன்." எல்லாரும் போட்டு முடிச்சப்புறம் கடைசியா ஒரு தடவ காத்தானுக்கு. அதுக்கு மட்டும் கேள்வி கெடையாது. எல்லாரும் அவன் எறங்கிப்போன வழிப்பக்கம் திரும்பி நிக்கணும். கம்பி கிணீர்னு விழும். அந்தச் சத்தம் அடிவாரம் வரைக்கும் போகாது, எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பதில் வருதான்னு கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போறோம்.