காய்ந்த வலை

பேருந்தில் அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் செய்தித்தாள் வாங்குகிறேன்; படிப்பதில்லை. நேற்று மில்லர்புரம் போகும்போது முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

“மகளைப் பொண்ணு பாக்க வந்தவுக எதிர்க்கட்சி. எங்க சுவத்துலயோ எங்க கட்சிச் சின்னம் பெருசா நிக்கி.”

“அழிச்சியளா மதினி?”

“தேர்தல் முடியாம அழிக்கக் கூடாதுன்னுட்டாரு எங்க வீட்டுக்காரர். மீன்வலையை மேல காயப் போட்டு மறைச்சேன்.”

“மாப்பிள்ளையோட அப்பா நம்புனாரா?”

“காஞ்ச வலையை ஏன் காயப் போட்டிருக்கியன்னு கேட்டாரு. அவரே, ‘மூத்த மருமவ வீட்டு ஆளுவ வந்தா நாங்களும் இதைத்தான் செய்யுதோம்’னு சிரிச்சிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டாரு.”

இறங்கும்போது அந்தத் தாய் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அண்ணாச்சி, உங்க பேப்பரும் எங்க வலை மாதிரிதான். ஏறுனதுல இருந்து ஒரு பக்கம் திரும்பல.”